ஓடும் வீட்டுக்கு ஒத்துவரும் பொழுதுபோக்கு எது?

கேள்வி: நானும் என் கணவரும் பணி ஓய்வு பெற்றபின் வீட்டைக் காலி செய்துவிட்டுக் கேரவனிலேயே நிரந்தரமாக வாழ்கிறோம். ஓராண்டு ஆகப்போகிறது. இடம் மாறிக்கொண்டே இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பகல் பொழுது நகர மறுக்கிறது. வீட்டில் இருந்தபோது தையலும் ஓவியமும்தான் என் உலகம். அதற்கென்றே ஓர் அறை இருந்தது. இங்கே சாப்பிடுவது, எழுதுவது எல்லாம் ஒரே மேசையில். இரவில் அதுவே படுக்கையாகிவிடும். எதை எடுத்தாலும் அரை மணி நேரத்தில் எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. உறவினர் வீட்டில் விட்டுவந்த தையல் இயந்திரத்தை வரவழைக்கலாமா? என் கணவருக்கு ஹாம் ரேடியோ, அதாவது தனிநபர்கள் பொழுதுபோக்காக வானொலி அலைகள் வழியே ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் கலை, கற்றுக்கொள்ள ஆசை. இந்தச் சிறிய இடத்தில் அந்தச் சத்தத்தை எப்படித் தாங்குவேன் என்று பயமாக இருக்கிறது. “ஊர் ஊராகச் சுற்றுகிறாய், உனக்கு என்ன குறை?” என்று எல்லோரும் கேட்பதால் இதை யாரிடமும் சொல்லவும் முடியவில்லை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். உங்களுக்குக் குறை இருக்கிறது. அதை வாய்விட்டுச் சொல்வதில் தவறே இல்லை. சுற்றுலா போகிறவருக்குப் பத்து நாளில் திரும்பிப் போக ஒரு வீடு உண்டு. பார்த்ததையெல்லாம் அசைபோட அந்த வீடுதான் இடம். வண்டியே வீடாகிவிட்டவருக்கு அந்த வசதி கிடையாது. ஏரிக்கரையில் நின்றாலும் அன்று செவ்வாய்க்கிழமைதான்; பாத்திரம் கழுவ வேண்டும், தண்ணீர் நிரப்ப வேண்டும், அதன்பிறகு மீதி நாள் முழுக்கக் கிடக்கிறது. பணி ஓய்வுக்குப் பிறகு வாழ்க்கையை மாற்றி அமைத்துக்கொள்பவர்களுக்கு ஆலோசனை சொல்வதே என் தொழில். இடம் மாறி வாழ்பவர்கள் என்னிடம் கொண்டுவரும் மனக்குறைகளில் அடிக்கடி கேட்பது இதுதான். அவர்களும் உங்களைப் போலவே தயங்கித் தயங்கித்தான் சொல்கிறார்கள்.

“அரை மணி நேரத்தில் எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது” என்று எழுதியிருக்கிறீர்கள். சிக்கலின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. பழைய வீட்டில் பாதி தைத்த சட்டை மேசைமேல் கிடக்கும். போகும்போதும் வரும்போதும் கண்ணில் படும்; கை தானாக அதன்பக்கம் போகும். பாதியில் நிற்கும் வேலைதான் மனிதரை மறுநாளைக்கு இழுத்துச் செல்கிறது. கேரவனில் பாதி வேலைக்கு இடமில்லை. வண்டி கிளம்பும்முன் எல்லாமே அலமாரிக்குள் போய்த் தாழ் விழுந்தாக வேண்டும். நீங்கள் இழந்தது அந்த அறையை மட்டும் அல்ல. பாதியில் விட்டுவைக்கும் உரிமையையும் சேர்த்துத்தான்.

ஆகவே இடத்தை அடைக்காத பொழுதுபோக்கு எது என்று தேடத் தொடங்காதீர்கள். அப்படித் தேடுபவர்கள் குட்டிக் குட்டிச் சாமான்களாக வாங்கி அலமாரியை நிரப்பிவிட்டு, எதிலும் மனம் ஒட்டாமல் நிற்பதைப் பார்க்கிறேன். பாதியில் நிறுத்தினாலும் பாழாகாத வேலை எது என்று கேளுங்கள். வெளியே எடுக்க ஐந்து நிமிடம், உள்ளே வைக்க ஐந்து நிமிடம், நடுவில் எந்த நொடியில் “கிளம்பலாமா?” என்று குரல் வந்தாலும் அப்படியே நிறுத்தி, அடுத்த ஊரில் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். இந்தச் சோதனையில் தேறும் எதுவும் உங்கள் வண்டிக்கு ஒத்துவரும்.

தையல் இயந்திரத்தை இந்தச் சோதனைக்கு உட்படுத்திப் பாருங்கள். எடை பெரிய தடையில்லை. வீட்டு உபயோக இயந்திரம் பெரும்பாலும் 6 முதல் 10 கிலோவுக்குள் இருக்கும். மின்சாரமும் தடையில்லை, அதன் மோட்டார் 100 வாட் அளவில் ஓடிவிடும், சாதாரண இன்வெர்ட்டரே தாங்கும். உண்மையான இடைஞ்சல் இஸ்திரிப் பெட்டி. ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கும் அதை பேட்டரியில் ஓட்டுவது எளிதல்ல. இஸ்திரி போடாமல் நல்ல தையல் வராது என்பது உங்களுக்குத் தெரியும். அதோடு துணி வெட்ட நீளமான மேசை வேண்டும், தைத்த பாகங்களைப் பரப்பி வைக்க இடம் வேண்டும். ஐந்து நிமிடக் கணக்கு அங்கே உடைந்துவிடுகிறது. அதனால் இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. விற்கவும் வேண்டாம். ஓராண்டு அங்கேயே இருக்கட்டும்.

ஆனால் தையலை விட்டுவிடாதீர்கள். கையால் தைக்கும் துண்டுத்துணி விரிப்பை உங்களுக்காகவே உருவான வேலை என்பேன். அறுகோண வடிவில் கெட்டித் தாளைச் சிறு சிறு அச்சுகளாக வெட்டிக்கொள்ள வேண்டும்; ஒரு பக்கம் ஓர் அங்குலம் இருந்தால் போதும். அச்சைவிடச் சுற்றிலும் அரை விரல் அகலம் பெரிதாகத் துணியை வெட்டி, தாளின்மேல் மடித்து நூலோட்ட வேண்டும். இப்படித் தயாரான இரண்டு அறுகோணங்களை முகத்தோடு முகம் வைத்து, விளிம்பில் மட்டும் பொடித் தையலாகச் சேர்க்க வேண்டும். தாளை ஊசி தொடக் கூடாது. நடுவில் ஒன்று, சுற்றி ஆறு என்று சேர்ந்தால் ஒரு பூ. சுற்றிலும் துண்டுகள் சேர்ந்து ஓர் அறுகோணம் அடைபட்ட பிறகுதான் அதன் தாளை உருவலாம். அந்தத் தாளையே மறுபடியும் பயன்படுத்தலாம். ஊசி, நூல், சிறு கத்தரி, தாள் அச்சுகள், துணித்துண்டுகள் எல்லாம் ஒரு சாப்பாட்டு டப்பாவுக்குள் அடங்கிவிடும். விரல் நகத்தால் அழுத்தினாலே மடிப்பு நிற்கும், இஸ்திரி வேண்டாம். எந்தத் தையலிலும் நிறுத்தலாம். பழைய சட்டையும் கிழிந்த தலையணை உறையும் இதற்குப் போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, விரிப்பு முடிய மாதக்கணக்கில் ஆகும். உங்களுக்குத் தேவைப்படுவதும் அதுதான்: நாளைக்கு மிச்சம் இருக்கும் ஒரு வேலை.

பின்னல் தெரியும் என்றால் அதுவும் நல்லது. நேரான நீள ஊசிகளுக்குப் பதில் இரண்டு முனைகளையும் கம்பியால் இணைத்த வட்ட ஊசி வாங்குங்கள். பக்கத்தில் இருப்பவரின் விலாவில் முழங்கை இடிக்காது. பின்னலின் எடை மடியில் தங்குவதால் மணிக்கட்டும் வலிக்காது.

ஓவியத்துக்கு வருகிறேன். எண்ணெய் வண்ணத்தைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். காய நாள்கணக்கில் ஆகும். டர்பென்டைன் நெடியை மூச்சில் இழுத்துக்கொண்டு அதே அறையில் தூங்க வேண்டியிருக்கும். ரெசின் எனும் பிசினை அச்சில் ஊற்றி வார்ப்பது, ஸ்பிரே பெயின்ட், உப்புத்தாள் போட்டு மரத்தூள் பறக்கவிடும் வேலைகள் எல்லாவற்றுக்கும் இதே தடையைச் சொல்வேன். படுக்கையும் பட்டறையும் ஒரே காற்றைப் பகிரும் இடத்தில் அவை கூடாது. வெளியில் நிழலில் செய்யலாமே என்பார்கள். சாமான்களும் பாதி காய்ந்த பொருளும் இரவில் உள்ளேதானே வரும்?

கட்டியாக வரும் நீர்வண்ணம் உங்களுக்குச் சரியாக இருக்கும். பன்னிரண்டு வண்ணக் கட்டிகள் கொண்ட பெட்டி உள்ளங்கையில் அடங்கும். கைப்பிடியிலேயே தண்ணீர் நிரப்பிக்கொள்ளும் தூரிகை கிடைக்கிறது. அது இருந்தால் குவளையும் வேண்டாம், கொட்டும் பயமும் இல்லை. தாள் மட்டும் நல்லதாக, சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ளதாக இருக்கட்டும். மெல்லிய தாள் ஈரம் பட்டதும் சுருண்டு உங்கள் உற்சாகத்தையும் சேர்த்துக் கெடுத்துவிடும். அஞ்சலட்டை அளவுக்கு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன வரைவது என்பதில்தான் நான் கொஞ்சம் பிடிவாதம் பிடிப்பேன். அழகான காட்சி கிடைக்கும்வரை காத்திருக்காதீர்கள். உங்கள் மேசையருகே இருக்கும் சன்னலையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே வண்டி நின்றாலும் அதே சன்னல், அதே சட்டம், அதே அளவு அட்டை. ஒருநாள் மலை தெரியும். மறுநாள் பக்கத்து வண்டியின் சுவர் மட்டும்தான் தெரியும். அந்தச் சுவரையும் வரையுங்கள். காட்சி மாற மாற, மாறாமல் நிற்கும் சட்டம் ஒன்று உங்கள் கையில் இருக்கும். இடம் மாறி வாழ்பவர்களின் பொழுதுபோக்கில் நான் முதலில் தேடுவது இந்தத் தொடர்ச்சியைத்தான். எத்தனை இடம் பார்த்தாலும் அவற்றைக் கோக்கும் நூல் இல்லையென்றால் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றத் தொடங்கிவிடும்.

வானம் அப்படிப்பட்ட ஒரு நூல். நகர வெளிச்சத்தில் வாழ்பவர்களுக்குக் கிடைக்காத இருட்டு உங்களுக்கு அடிக்கடி கிடைக்கிறது, அதை வீணாக்காதீர்கள். பெரிய தொலைநோக்கி தேவையில்லை, அதற்கு வண்டியில் இடமும் இல்லை. 8x42 பைனாகுலர் ஒன்று இருந்தால் போதும். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்பது அந்த எண்களின் பொருள். இதைவிட அதிகமாகப் பெரிதாக்கும் கருவியில் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். இருட்டுக்குக் கண் பழக இருபது முப்பது நிமிடம் பிடிக்கும். நடுவில் ஒரு முறை கைப்பேசியைப் பார்த்தாலும் மறுபடியும் முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். மங்கலான சிவப்பு விளக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வியாழன் தெரியும் மாதங்களில் இதைச் செய்து பாருங்கள். வண்டியின் பக்கச் சுவரில் தோளைச் சாய்த்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, பைனாகுலரை அசையாமல் பிடித்து வியாழனைப் பாருங்கள். பளிச்சென்ற வட்டத்தின் இருபுறமும் ஒரே கோட்டில் பொடிப் புள்ளிகள் தெரியும். 1610 ஜனவரியில் கலிலியோ கண்ட நான்கு நிலவுகள் அவை. சில இரவு நான்கும் தெரியும். சில இரவு இரண்டோ மூன்றோதான் தெரியும். மற்றவை வியாழனுக்கு முன்னாலோ பின்னாலோ போயிருக்கும், அல்லது அதன் ஒளியில் கரைந்திருக்கும். ஒரு குறிப்பேட்டில் நடுவே வட்டம் போட்டு, புள்ளிகளை அப்படியே குறித்து, தேதியும் நேரமும் எழுதுங்கள். மறுநாள் வேறு இடத்தில் நின்று பார்க்கும்போது அவை இடம் மாறியிருக்கும். உட்புறமாக இருக்கும் அயோ சுமார் 42 மணி நேரத்தில் ஒரு சுற்றை முடித்துவிடும். வெளியே இருக்கும் கலிஸ்டோவுக்கு ஏறக்குறைய 17 நாள் ஆகும். சில வாரம் குறித்தாலே எது எது என்று உங்களால் ஊகிக்க முடியும். நீங்கள் எத்தனை நூறு கிலோமீட்டர் நகர்ந்திருந்தாலும் அந்தப் பக்கங்களில் அறுபடாத ஒரே வேலை நடந்துகொண்டிருக்கும். பைனாகுலரை அப்படியே கார்த்திகைக் கூட்டத்தின் பக்கம் திருப்புங்கள். வெறும் கண்ணுக்கு ஆறேழாகத் தெரிந்தவை பல மடங்காகப் பெருகும்.

பகலில் அதே பைனாகுலர் பறவைகளுக்கு உதவும். இதில் கேரவன்வாசிகளுக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. நடந்துவரும் மனிதரைக் கண்டால் பறக்கும் பறவைகள், நின்றுகொண்டிருக்கும் வண்டியை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. உங்கள் சன்னலே மறைவிடம். விடிந்ததும் அசையாமல் கால் மணி நேரம் உட்கார்ந்தால், வண்டி வந்து நின்ற சத்தத்தில் விலகிய பறவைகள் மெல்லத் திரும்பி வருவதைப் பார்க்கலாம். குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் ‘மெர்லின்’ என்ற இலவசச் செயலியைக் கார்னெல் பறவையியல் ஆய்வகம் வெளியிட்டிருக்கிறது. போகும் பகுதிக்கான தொகுப்பை முன்கூட்டியே இறக்கிவைத்தால் சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். அது சொல்வதை அப்படியே நம்பாமல் கண்ணாலும் உறுதிசெய்துகொள்ளுங்கள். பார்த்ததை அதே ஆய்வகத்தின் ‘ஈ-பேர்ட்’ தளத்தில் பதிவுசெய்தால் உங்கள் குறிப்பு ஆய்வாளர்களுக்கும் பயன்படும்.

பயன் என்ற சொல்லை யோசித்துத்தான் எழுதுகிறேன். வேலையில் இருந்த காலத்தில் யாரோ ஒருவர் உங்கள் கையெழுத்துக்காகக் காத்திருந்தார். ஓய்வுக்குப் பிறகு அது நின்றுவிடுகிறது. இடம் மாறி வாழ்பவருக்கு அண்டை வீட்டாருக்குச் செய்யும் சிறு உதவிகூட நிலைப்பதில்லை. அழகான பொழுதுபோக்கு இருந்தும் சிலர் சோர்ந்து போவதற்குக் காரணம் இது. பொதுமக்களே சேர்ந்து வரைந்துவரும் ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்’ என்ற உலக வரைபடம் 2004ஆம் ஆண்டு தொடங்கியது. யார் வேண்டுமானாலும் அதில் சேர்க்கலாம். குடிநீர்க் குழாய் எங்கே இருக்கிறது, இந்த ஒற்றையடிப் பாதை எங்கே முடிகிறது, கழிப்பறைக்குச் சக்கர நாற்காலி போகுமா என்பதெல்லாம் உங்களைப் போல் அங்கே நின்று பார்த்தவருக்கு மட்டுமே தெரியும். மாலை நடையின்போது அவற்றைக் குறித்துச் சேர்த்துவிட்டால், உங்களுக்குப் பின்னால் வருபவர் அதை நம்பித்தான் தண்ணீர் தேடுவார்.

இனி உங்கள் கணவரின் ரேடியோ. உங்கள் பயம் புரிகிறது. ஆனால் இந்த ஆசையை ஊக்குவியுங்கள் என்றே சொல்வேன். ஹெட்போன் போட்டுக்கொண்டால் ஒலிபெருக்கிச் சத்தம் இல்லை. ‘மோர்ஸ்’ எனும் தந்திக் குறியீட்டில் பேசப் பழகினால் அவர் பேச்சுச் சத்தமும் இல்லை. இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பேட்டரியை ஏற்றும் சோலார் கட்டுப்பாட்டுக் கருவியும் இன்வெர்ட்டரும் ரேடியோவில் இரைச்சலை ஏற்படுத்தும் வாய்ப்பு அதிகம். அதனால் தனி பேட்டரியோடு வண்டியிலிருந்து சற்றுத் தள்ளி, வெளியில் மடக்கு மேசை போட்டு உட்காருவதுதான் அவருக்கே நல்லது. 20 மீட்டர் அலைவரிசைக்குச் சுமார் 10 மீட்டர் கம்பியை மரத்தில் தொங்கவிட்டால் ஆன்டெனா தயார். 5 வாட் சக்தியிலேயே வெகுதூரம் பேசுகிறார்கள். பூங்காக்களிலும் இயற்கைக் காப்பகங்களிலும் இருந்து பேசுவதற்கென்றே ‘பார்க்ஸ் ஆன் தி ஏர்’ என்ற திட்டம் இருக்கிறது. ஒரே நாளில் பத்துப் பேரோடு தொடர்பு கொண்டால் அந்தப் பூங்கா உங்கள் கணக்கில் சேரும். இடம் மாறிக்கொண்டே இருப்பவருக்கு அது தீனி போட்டுக்கொண்டே இருக்கும். ஒலிபரப்ப உரிமம் கட்டாயம். அதற்குத் தேர்வு எழுத வேண்டும். நாடு மாறினால் விதியும் மாறும், எல்லை தாண்டும்முன் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

அவர் வெளியில் இருக்கும் அந்த இரண்டு மணி நேரம் மேசை முழுக்க உங்களுடையது. இதைத் தற்செயலாக விட்டுவிடாமல் இருவரும் பேசி முடிவுசெய்யுங்கள். இருபத்துநான்கு மணி நேரமும் ஒருவர் கண்ணெதிரே மற்றவர் இருப்பது, எவ்வளவு அன்பான தம்பதிக்கும் பாரம்தான். தனித்தனி வேலை இருக்கும்போது மாலையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவும் ஏதாவது இருக்கும். மழை நாளில் இருவரும் உள்ளே மாட்டிக்கொள்வீர்கள். அன்றைக்கு மேசை யாருக்கு, சன்னலோர இருக்கை யாருக்கு என்பதையும் இப்போதே பேசிவைத்துவிடுங்கள்.

சாமான் விஷயத்தில் கவனம் தேவை. உங்கள் வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை ஒன்று உண்டு. தண்ணீர், எரிபொருள், நீங்கள் இருவர், எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். தொட்டியில் நூறு லிட்டர் தண்ணீர் என்றாலே நூறு கிலோ போய்விட்டது. துணி மூட்டையும் புத்தகமும் நினைப்பதைவிடக் கனமானவை. கனமானதைத் தாழ்வாக, சக்கர அச்சுக்கு அருகில் வையுங்கள்; தலைக்கு மேலுள்ள அலமாரியில் கனமான எதுவும் வேண்டாம், திடீரென்று பிரேக் போட்டால் அது யார் தலையில் இறங்கும் என்று சொல்ல முடியாது. மூடி நிறுத்திய வண்டியில் வெயில் ஏறினால் மெழுகு வண்ணங்கள் உருகும், மரத்தாலான இசைக்கருவியின் பசை விட்டுப்போகும். பாட்டுப் பழக ஆசை வந்தால் புல்லாங்குழலோ, குட்டி கிட்டார் போன்ற யுகுலேலேவில் பிளாஸ்டிக் உடலுள்ளதோ பாருங்கள்.

வாங்கும் வேகத்தையும் கட்டுப்படுத்துங்கள். முதல் மாதம் பழைய துணி, ஒரு பென்சில், ஒரு குறிப்பேடு போதும். இரவல் பைனாகுலர் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரு மாதம் கழித்தும் கை தேடினால் வாங்கிக்கொள்ளலாம்.

ஆலோசகராக இன்னொன்றும் கேட்டாக வேண்டும். பொழுது போகவில்லை என்கிறீர்களா, எதிலுமே மனம் செல்லவில்லை என்கிறீர்களா? இரண்டும் வேறு வேறு. முன்பு பிடித்த எதுவும் இப்போது பிடிக்காமல், தூக்கமோ பசியோ மாறி, பெரும்பாலான நாள்கள் மனம் கனத்தபடியே இரண்டு வாரத்துக்கு மேல் போனால், பொழுதுபோக்கு அதற்கு மருந்தாகாது. நிற்கும் ஊரிலேயே ஒரு மருத்துவரைப் பாருங்கள், அல்லது காணொளி வழியாகப் பேசுங்கள். உங்கள் கடிதத்தில் தையல் அறையைப் பற்றி எழுதிய வரிகளில் உயிர் இருந்தது; அதனால் உங்களுக்கு அந்த நிலை இல்லை என்றே நம்புகிறேன். இருந்தாலும் கேட்காமல் விடுவது முறையல்ல.

ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் தொடங்க வேண்டாம். விரிப்போடு தொடங்குங்கள், கை வேலைதான் உங்களுக்குத் தாய்மொழி. வெளியே அழைத்துப்போக பறவையோ வானமோ ஒன்று போதும். சன்னல் ஓவியத்தை வாரத்துக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகும் இயந்திரம் இல்லாமல் கை துடித்தால் எனக்கு எழுதுங்கள். மின் இணைப்புள்ள இடங்களில் மாதத்துக்குச் சில நாள் தங்கி, வெட்டுதல், இஸ்திரி, தையல் மூன்றையும் அந்த நாள்களிலேயே முடிக்கும்படி உங்கள் பயணத்தை எப்படி அமைப்பது என்று அப்போது சேர்ந்து யோசிக்கலாம்.